கொட்டியாரக் கரையில் நடந்தவர் பசி

நெடுந்தூரம் ஓடி முடித்தவரிடம் உடனே சோற்றுத் தட்டை நீட்டினால் பெரும்பாலும் வேண்டாம் என்பார். உடம்பு இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும். வயிறு மந்தித்திருக்கும். பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற சுரப்பு, கடும் உழைப்பின் பின் சற்று நேரம் தாழ்ந்துபோயிருக்கும். பிறகு ஒன்றிரண்டு மணி நேரத்தில் பசி வரும். வரும்போது அளவு பார்த்து வராது. கையில் கிடைத்ததையெல்லாம் வாரிப் போட்டுக்கொண்டு அன்றிரவு வயிற்றைப் பிடித்தபடி படுப்பதும், மறுநாள் கால் எழும்பாமல் தவிப்பதும் புதிதாக ஓடத் தொடங்கியவர்களுக்குத் தெரிந்த கதைதான். இன்றைய உடற்பயிற்சி நூல்கள் இதற்குச் சொல்லும் வைத்தியம் தனியாளை நோக்கியது: மணிக்கூட்டைப் பார், புரதத்தை நிறுத்துச் சாப்பிடு, போத்தலில் உப்பும் சீனியும் கரைத்து வை, உன் பசியை நீயே ஆள். திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றிய கரையில் இதே சிக்கலுக்கு வேறொரு தீர்வு தலைமுறை தலைமுறையாக இருந்துவந்திருக்கிறது. அங்கே கதிர்காமத்துக்கு நடந்து களைத்தவனின் பசியை ஆண்டது அவனுடைய மனவுறுதி அல்ல, அவன் நடந்த வழி. எதை முதலில் குடிப்பது, எப்போது உட்காருவது, சோறு எந்த நேரத்தில் என்பதையெல்லாம் வழியிலிருந்த ஊர்களும் கோயில்களும் தோணித்துறைகளும் அவனுக்காக முன்கூட்டியே தீர்த்து வைத்திருந்தன. கதிர்காமப் பாதயாத்திரையைப் பக்தியின் வரலாறாக எழுதியவர் பலர். களைத்த உடம்புக்கு ஊட்டிய வரலாறாகவும் அதை எழுதலாம் என்பதே என் வாதம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் தொடங்கும் வழி அது. முல்லைத்தீவு தாண்டித் திருகோணமலைக்கு வந்து கோணேசரை வணங்கி, கொட்டியாரக் குடாவைக் கடந்து, மூதூர், ஈச்சிலம்பற்று, வெருகல் என்று தெற்கே இறங்கும். பிறகு வாகரை, மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில், உகந்தை. அதற்கப்பால் குமண, யால காடுகள். காட்டின் மறுகரையில் முருகன் தலமான கதிர்காமம். முழுவதும் நடப்பவருக்கு ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். ஆடிவேல் கொடியேற்றத்துக்குள் சேர வேண்டும் என்பதால் நடை விழும் காலம் வைகாசியும் ஆனியும். கிழக்குக் கரையில் அது கச்சான் வீசும் காலம். மேற்கு மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு வெறும் வெக்கையாக இறங்கும் காற்று. மணல் சுடும், குளங்கள் வற்றிக் கிடக்கும். இதனால் யாத்திரைக்காரரின் நாள் இரண்டாகப் பிளந்தது. விடியமுன் எழும்பி வெயில் ஏறுமட்டும் நடப்பது, நண்பகலில் ஒரு கோயில் மரநிழலில் முடங்குவது, வெயில் தாழ மறுபடி நடந்து இருட்டும்போது அடுத்த கோயிலைப் பிடிப்பது. ஒருவரையொருவர் ‘சாமி’ என்று அழைத்துக்கொண்டு, வேல் தூக்கியவர் முன்னே செல்ல, வயதானவர்களும் பெண்களுமாக நகரும் கூட்டம் அது. அதில் எவரும் உடலை வளர்க்க நடக்கவில்லை. ஆனால் நாற்பதாம் நாளும் நடக்கக்கூடிய உடம்பு எல்லாருக்கும் தேவைப்பட்டது.

அந்த உடம்புக்கு முதலில் கிடைத்தது சோறல்ல, தண்ணீர்ப்பந்தல். வடக்கிலும் கிழக்கிலும் கோயில் திருவிழாக்களில் இன்றும் பார்க்கலாம்: நாலு கமுகந்தடி, மேலே கிடுகு, கீழே பெரிய கிடாரம். அதில் மோர் இருக்கும், அல்லது சர்க்கரைத் தண்ணீர், அல்லது ஊறுகாய்த் தண்ணீர். மூன்றாவதுதான் கவனிக்கத் தக்கது. கல்லுப்பில் மாதக்கணக்கில் கிடந்து கறுத்துப்போன தேசிக்காய் ஊறுகாயை எடுத்துக் கையால் பிசைந்து தண்ணீரில் கரைப்பார்கள். சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் அரிந்து போடுவார்கள், கறிவேப்பிலை கிள்ளிப் போடுவாரும் உண்டு. குடித்தால் முதலில் உப்பு, அடுத்து புளிப்பு, கடைசியில் தொண்டையில் மெல்லிய உறைப்பு. வெறும் தண்ணீரைப்போல இதை மடமடவென்று உள்ளே இறக்க முடியாது, ஒரு குவளைக்குமேல் நாக்கு விடாது. இந்தக் கடைசிக் குணம் சாதாரணமானதல்ல. 2002ஆம் ஆண்டு பொஸ்டன் மரதன் ஓட்டத்தை முடித்த 488 பேரின் இரத்தத்தைச் சோதித்த ஆய்வொன்று 2005இல் வெளியானது. அவர்களில் நூற்றுக்குப் பதின்மூன்று பேரின் இரத்தத்தில் சோடியம் இயல்பான அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. வியர்வையில் உப்புப் போனதைவிட, வழியெல்லாம் அளவுமீறிக் குடித்த நீரே பெரிய காரணம் என்று கண்டார்கள். தாகத்துக்குக் கட்டுப்பாடில்லாமல் நீர் தருவது நன்மை என்று நெடுநாள் நம்பியிருந்த ஓட்ட உலகத்துக்கு அது ஓர் அதிர்ச்சி. கிடாரத்தின் பக்கத்தில் அகப்பையுடன் நிற்கும் ஆளுக்கு சோடியம் என்ற பெயர் தெரிந்திருக்கத் தேவையில்லை. அவர் கொடுத்த பானம் தன் சுவையாலேயே தன் அளவைக் காட்டிக்கொண்டது.

இதே துறைமுகத்துக்கு இன்னொரு புளிப்பு நீரும் வந்து சேர்ந்தது, ஆனால் அதன் பின்னால் இருந்தது வேறொரு ஏற்பாடு. 1794இல் கொமடோர் பீட்டர் ரெய்னியரின் கொடிக்கப்பலான சஃபொக், இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு எங்கும் நிற்காமல் 23 கிழமை ஓடியது. மாலுமி ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு அவுன்ஸில் மூன்றில் இரண்டு பங்கு எலுமிச்சைச் சாறு, மதுநீரில் கலந்து. பல் ஈறு அழுகிச் சாகடிக்கும் ஸ்கேர்வி நோய் அந்தக் கப்பலில் பெரிதாகத் தலைகாட்டவில்லை. அடுத்த ஆண்டே கடற்படை முழுவதற்கும் சாறு கொடுக்க இலண்டன் இசைந்தது. அதே ரெய்னியர்தான் 1795 ஓகஸ்டில் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலைக் கோட்டையைப் பிடிக்க வந்த கடற்படைக்குத் தலைமை தாங்கியவர். ஆக, துறைமுகத்தின் ஒரு பக்கத்தில் அவுன்ஸ் கணக்கில், பேரேட்டில் பதிந்து, கட்டளையாக ஊட்டும் முறை. மறுபக்கத்தில் கணக்கில்லாமல், நேர்த்திக்கடனாக ஊட்டும் முறை. இரண்டிலும் உண்பவனுடைய விருப்பத்துக்கு இடமில்லை என்பது ஒற்றுமை. கடற்படை முறை ஆளின் உடம்பைச் சொத்தாகக் கண்டு காத்தது. பந்தல்காரனுக்கு நடப்பவன் சொத்துமல்ல, பொறுப்புமல்ல. நாளை அவனைப் பார்க்கப்போவதுமில்லை. அப்படியிருந்தும் ஊட்டினான். கப்பலில் ஊட்டியதைப் பற்றி நூல்கள் இருக்கின்றன, பந்தலில் ஊட்டியதைப் பற்றி அநேகமாக ஒன்றுமில்லை. பேரேடு இல்லாத இடத்தில் வரலாறும் மெலிந்துபோகிறது.

தண்ணீருக்கு அடுத்தது கஞ்சி. நொய்யரிசியை நிறையத் தண்ணீரில் குழைய விட்டு, உப்பிட்டு, கடைசியில் தேங்காய்ப்பால் ஊற்றி இறக்கும் பால்கஞ்சி. அல்லது முதல்நாட் சோற்றில் ஊற்றி வைத்த தண்ணீர் விடியும்போது லேசாகப் புளித்திருக்க, வெங்காயமும் மிளகாயும் கடித்துக்கொண்டு குடிக்கும் பழஞ்சோற்றுத் தண்ணீர். உழவனும் கரைவலை இழுப்பவனும் குடித்ததையே யாத்திரைக்காரனும் குடித்தான். மந்தித்த வயிறு திடமானதை ஏற்காத அந்த ஒரு மணி நேரத்தில் கஞ்சி உள்ளே போகும் என்பதே அதன் முதற் பெருமை. இரண்டாவது பெருமை அதற்குள் இருக்கும் மாப்பொருள். 1988இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜோன் ஐவியின் குழு சைக்கிளோட்டிகளை வைத்துச் செய்த சோதனையில், உழைப்பு முடிந்ததும் மாப்பொருள் கொடுத்தால் தசைகளில் கிளைக்கோஜன் விரைவாக நிரம்புகிறது, இரண்டு மணி நேரம் தாமதித்தால் மந்தமாக நிரம்புகிறது என்று தெரிந்தது. இதைப் பிடித்துக்கொண்டு ‘பொன்னான அரைமணி’ என்றெல்லாம் மாவு டப்பா விற்றவர்கள் உண்டு. பிந்திய ஆய்வுகள் அந்த அவசரத்தைத் தணித்தன. மறுநாள்வரை ஓய்வு இருக்குமானால், நாள் முழுவதும் போதிய அளவு சாப்பிட்டால் கணக்கு ஒன்றுதான். ஆனால் அன்று பின்னேரமே மறுபடி நடக்க வேண்டியவனுக்கு நேரம் முக்கியம். பாதயாத்திரைக்காரன் இரண்டாம் வகை. அவனுக்குக் காலை நடைக்கும் மாலை நடைக்கும் இடையே நாலைந்து மணி நேரம்தான். நண்பகற் பூசை முடிந்து இலை போடப்படுமுன் கையில் கிடைத்த ஒரு சிரட்டைக் கஞ்சி, அந்த இடைவெளியை வீணாக்காமல் வைத்தது. அதன்பின் உட்கார்ந்து உண்ணும்போது நிரம்ப உண்ணலாம், வெறிகொண்டு உண்ணத் தோன்றாது.

இங்கே ஒருவர் குறுக்கிடலாம். இது பக்தி, பசியாற்றும் கலையல்ல. புண்ணியத்துக்காகக் கொடுத்ததை ஊட்டச்சத்து அறிவாக மாற்றிக் காட்டுவது, முன்னோர் எல்லாம் அறிந்திருந்தார்கள் என்ற பழைய பல்லவிதானே என்று. அந்தப் பல்லவியில் எனக்கும் நம்பிக்கையில்லை. பந்தல் போட்டவர் புண்ணியத்துக்காகத்தான் போட்டார். ஆனால் எந்த நோக்கத்தில் தொடங்கினாலும், ஒரு வழக்கம் ஆண்டுதோறும் அதே வழியில், அதே வெயிலில், அதே வகை உடம்புகள்மேல் திரும்பத் திரும்ப நடக்கும்போது அது தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். கொடுத்ததைக் குடித்த சாமி ஒருவர் நாலடி நடந்து சத்தி எடுத்தால் அதை ஊரே பார்க்கும். அடுத்த ஆண்டு கிடாரத்தில் வேறொன்று இருக்கும். இதற்கு மருத்துவ நூல் வேண்டாம், கண் இருந்தால் போதும். வழிபாட்டின் கதையிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. வள்ளியைத் தேடி வந்த முருகன் கிழவனாக, நடந்து களைத்தவனாகத் தினைப்புனத்தில் நிற்கிறான். பசிக்கிறது என்கிறான். அவள் தேனும் தினைமாவும் கொடுக்கிறாள். தின்றதும் விக்கல் எடுக்கிறது, தண்ணீருக்குத் தவிக்கிறான். காதற் கதையில் அது குறும்பு. வழிநடையின் கதையாகப் பார்த்தால், வெயிலில் வந்தவனுக்கு நீருக்கு முன் மாவு கொடுத்தால் என்ன ஆகும் என்பதை அந்தக் கதையைச் சொன்னவர்கள் நேரில் கண்டிருக்கிறார்கள். கதிர்காம வழியில் நீர் முதலிலும் மா பின்னாலும் வருவது அந்தக் கதையைக் கேட்டதாலா, கதையும் வழக்கமும் ஒரே அனுபவத்திலிருந்து பிறந்ததாலா என்று பிரிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இன்னொரு தடை கனமானது: நடை ஓட்டமல்ல, மெதுவாக நடப்பவனின் உடம்பு பெரிதும் கொழுப்பையே எரிக்கிறது, அவனுக்கு இந்த அவசரக் கஞ்சி எதற்கு? ஒரு நாள் நடைக்கு இது சரி. தலையில் மூட்டையுடன், மணலில் கால் புதைய, நாள்தோறும் நடக்கும்போது உடம்பின் சேமிப்பு நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் குறைகிறது. ஓட்டக்காரன் மூன்று மணி நேரத்தில் செலவழிப்பதை இவன் பத்து மணி நேரத்தில் செலவழிக்கிறான். அவனுக்கு அடுத்த நாள் ஓய்வு, இவனுக்கு அடுத்த நாளும் நடை. இந்த உணவில் உண்மையான குறை வேறிடத்தில் இருந்தது. யாத்திரைக்காரர் மீனும் இறைச்சியும் தொடுவதில்லை. கரை முழுவதும் மீன் காய்ந்துகொண்டிருக்க, அதைக் கடந்து சோறும் சாம்பாரும் மரக்கறியும் உண்டு நடந்தவர்களுக்குத் தசையைச் செப்பனிடும் புரதம் மட்டாகத்தான் கிடைத்திருக்கும். பருப்பும் அவித்த கடலையும் ஓரளவு ஈடுசெய்தன. கொட்டியாரத்து எருமைத் தயிர் அதைவிட நன்றாகச் செய்தது. அந்த ஊர்ப்பக்கம் சட்டியில் உறையவிட்ட தயிர் கத்தியால் வெட்டத்தக்க கெட்டியானது. அப்படியும் உகந்தையை அடையும்போது பலர் மெலிந்தே போயிருப்பார்கள். விரதம் என்ற பெயரில் ஏற்கப்பட்ட மெலிவு அது. ஊட்டும் முறை சிறந்தது என்பதனால் அது குறையற்றது என்றாகாது.

எந்த ஊட்டுமுறைக்கும் பின்னால் நெல் இருக்க வேண்டும், திருகோணமலைக்கு நெல் இருந்தது. நிலாவெளியில் கிடைத்த, பத்தாம் அல்லது பதினோராம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் தமிழ்க் கல்வெட்டு, கோணமலைக் கோயிலுக்கு 250 வேலி நிலம் விடப்பட்டதைச் சொல்கிறது. கோணேசர் கல்வெட்டு என்ற நூல், குளக்கோட்டு மன்னன் கந்தளாய்க் குளத்தைக் கட்டிக் கோயிலுக்கு வயலும் தொழும்பாளரும் அமைத்ததாகப் பாடுகிறது. பாளி வரலாற்று நூல் அந்தக் குளத்தை இரண்டாம் அக்கபோதி மன்னனுக்கு உரியதாக்குகிறது. யார் கட்டியது என்ற வழக்கை இங்கே தீர்க்க வேண்டியதில்லை. கந்தளாய் நீர் தம்பலகாமத்து வயல்களுக்குப் பாய்ந்தது, அந்த வயல்கள் கோயிலுக்குப் படியளந்தன என்பது போதும். பதினேழாம் நூற்றாண்டின் முதற் காற்பகுதியில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்துக் கடலில் தள்ளியபோது அழிந்தது கட்டடம் மட்டுமல்ல, ஊட்டுவதற்கென்று எழுதப்பட்ட ஒரு பெரிய நிலையமும்தான். அதன்பின் பொறுப்பு சிதறியது. தம்பலகாமத்தில் ஆதி கோணநாயகர், வெருகலில் சித்திரவேலாயுதர், இடையே சிறு சிறு ஊர்க் கோயில்கள். பெரிய களஞ்சியம் ஒன்று போய், சிறிய பானைகள் பல வந்தன. யாத்திரைக்காரனுக்கு இது நட்டமென்று சொல்ல முடியாது என்பது என் எண்ணம். ஓரிடத்தில் வயிறு புடைக்க உண்டு இரண்டு நாள் பட்டினி கிடப்பதைவிட, எட்டிய தூரத்தில் எல்லாம் ஒரு சிறு பானை இருப்பதுதான் நடப்பவனுக்கு வேண்டியது. வழி தொடங்கும் இடத்துச் செல்வச்சந்நிதி முருகனுக்கே அன்னதானக் கந்தன் என்று பெயர். அங்கே மடம் மடமாகச் சோறு போடும் பழக்கம் வழிநெடுகத் துண்டு துண்டாகத் தொடர்ந்தது.

இந்த முறையின் கறுப்புப் பக்கம் சோற்றிலிருந்து வரவில்லை, நீரிலிருந்து வந்தது. கூட்டம் கூடும் இடத்தில் ஒரே கிணறும் ஒரே ஆறும் எல்லாருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாந்திபேதி யாத்திரைக்காரரோடு சேர்ந்து நடந்தது. ஆங்கில அரசு கதிர்காம யாத்திரையை அச்சத்தோடு பார்த்துக் கட்டுப்படுத்தியதும் அதனால்தான். 1910 ஆடியில் அம்பாந்தோட்டை உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனார்ட் வூல்ஃப், பின்னாளில் எழுத்தாளர், கதிர்காமத்தில் தங்கிக் கூட்டத்தை மேற்பார்வை செய்ய வேண்டியிருந்தது. பொதுக் கிடாரத்தைக் குறைகூற வேண்டுமானால் இங்கேதான் கூற வேண்டும்: பசியாற்றிய அதே அகப்பை நோயையும் பரிமாறக்கூடியது. கொதித்த கஞ்சி அந்தக் குற்றத்துக்கு ஆளாகாது, கலக்கிய மோரும் சர்க்கரைத் தண்ணீரும் ஆளாகலாம். இதில் ஒரு வேடிக்கையான திருப்பமும் உண்டு. 1980களில் டாக்காவின் வாந்திபேதி ஆய்வாளர்கள், அரிசிமாவையும் உப்பையும் சேர்த்துக் காய்ச்சிய கரைசல் குளுக்கோசுக் கரைசலுக்கு ஈடாக, வாந்திபேதியில் சில வேளை அதைவிடவும் நன்றாக, உடம்பின் நீரைக் காப்பாற்றுகிறது என்று காட்டினார்கள். யாத்திரையை அச்சுறுத்திய நோய்க்கு, யாத்திரையின் கஞ்சிப்பானையைப் போன்ற ஒன்றே மருந்தாக வந்தது.

வழி ஊட்டாத இடம் ஒன்று உண்டு: உகந்தைக்கு அப்பால், கும்புக்கன் ஆற்றைத் தாண்டிய காடு. நாலைந்து நாள் நடைக்கு ஊரில்லை, பந்தலில்லை. அங்கே ஒவ்வொருவரும் தன் அரிசியைத் தானே சுமக்க வேண்டும். அந்தச் சுமையில் என்ன இருக்க வேண்டும் என்பதற்கு நம்மிடமுள்ள மிகப் பழைய, மிகத் தெளிவான பட்டியல் யாத்திரைக்காரர் எழுதியதல்ல. கொட்டியாரக் குடாவில் பிடிபட்ட ஒரு கைதி எழுதியது. 1660இல் ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல் பாய்மரம் செப்பனிடக் கொட்டியாரத்தில் ஒதுங்கியது. கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் தலைவனையும் அவன் மகன் ரொபேர்ட் நொக்ஸையும் பிடித்துக் கொண்டுபோனார்கள். மூதூரில் ஒரு புளியமரத்தை இந்தக் கதையோடு சேர்த்து வெள்ளைக்காரன் மரம் என்பார்கள். பத்தொன்பது ஆண்டு கழித்து, 1679இல், நொக்ஸ் ஒரு தோழனோடு காட்டு வழியே தப்பி அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூலில் தாங்கள் எடுத்துச் சென்றவற்றை அவர் ஒவ்வொன்றாகச் சொல்கிறார்: அரிசி, உலர்ந்த இறைச்சி, மீன், சட்டி, உப்பு, நீருக்குச் சுரைக்குடுவை இரண்டு, கூடாரத்துக்குத் தாளிப்பனை ஓலை, சர்க்கரைக்கட்டி, பலகாரம், வெற்றிலை, புகையிலை, செருப்புத் தைக்க மான்தோல். உயிருக்கு ஓடுகிறவன் கட்டிய மூட்டை இது, அலங்காரத்துக்கு ஒன்றுமில்லை. உப்பு, உடனே கரைந்து உதவும் இனிப்பு, மெதுவாக உதவும் அரிசி, தசைக்கு இறைச்சி, நீருக்கு இரண்டு குடுவை. இன்றைய நெடுந்தூர ஓட்டக்காரனின் இடுப்புப் பைக்கும் இதற்கும் பொருள் வேறு, கணக்கு ஒன்று. உள்நாட்டு மக்கள் சோறும் உப்பும் சில பச்சை இலையும் தேசிக்காய்ப் புளியும் மிளகும் இருந்தால் நிறைவாக உண்பார்கள் என்றும் அவர் குறித்திருக்கிறார். ஊறுகாய்த் தண்ணீரின் சேர்மானமும் அநேகமாக இதுவே.

நொக்ஸின் பட்டியலை வைத்து, தனியாள் முறையே போதும், வழி ஊட்ட வேண்டியதில்லை என்று வாதாடலாம். ஆனால் அந்த மூட்டை இரண்டு பேருக்கு, அதுவும் சில நாளுக்குத்தான். ஒன்றரை மாதத்துக்கான அரிசியை எந்தத் தலையும் தாங்காது. சுமை கூடக் கூடப் பசியும் கூடும், பசி கூடக் கூடச் சுமையும் கூட வேண்டும். இந்த முடிச்சை அவிழ்ப்பது வழியிலுள்ள பானைகள்தான். அந்தப் பானைகள் வெறுமையாகும்போது யாத்திரை என்ன ஆகும் என்பதை இருபதாம் நூற்றாண்டு காட்டியது. 1942இல் பர்மா யப்பானியர் கைக்குப் போனபோது இலங்கைக்கு வந்துகொண்டிருந்த அரிசியின் பெரும்பகுதி நின்றது. அந்த ஆண்டு ஏப்ரல் 9இல் திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு விழுந்தது. பங்கீட்டு அட்டையும் குரக்கனும் கோதுமை மாவும் பாணும் அடுப்படிக்குள் நுழைந்தன. சோறு எண்ணிப் போடும் காலத்தில் விருந்துக்குப் போடும் கை தானாகவே சுருங்கும். பிறகு 1980களில் உள்நாட்டுப் போர் வழியையே துண்டு துண்டாக அறுத்தது. 1972இல் முதன்முதலாக இந்த வழியை நடந்த அமெரிக்கரான பற்றிக் ஹரிகனும் கதிர்காம அடியார் அறக்கட்டளையும் 1988இலிருந்து யாத்திரையை மறுபடி நடத்த முயன்றார்கள். வடக்கேயிருந்து முழு வழியும் திறக்கப் போர் முடிய வேண்டியிருந்தது. மாவிலாறும் மூதூரும் வெருகலும் போர்ச் செய்திகளில் வந்த 2006 ஓகஸ்டில், பசிக்கெதிரான நடவடிக்கை என்ற பொருளில் பெயர்கொண்ட பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் ஊழியர் பதினேழு பேர் மூதூரில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஊட்ட வந்தவருக்கே பாதுகாப்பில்லாத வழியில் நடப்பவருக்கு யார் பந்தல் போடுவார்?

இப்போது வழி திறந்திருக்கிறது, கூட்டம் ஆயிரக்கணக்கில், சோற்றுக்கும் பஞ்சமில்லை. சிக்கல் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. காலை ஒன்பது மணிக்கே சோற்றுப் பார்சல், அதற்கு மேல் நிறச் சோடா, விசுக்கோத்து, மறுபடி பார்சல். கொடுப்பவர்கள் போட்டிபோட்டுக் கொடுக்கிறார்கள், வாங்காவிட்டால் மனம் நோகும் என்று சாமிகள் வாங்குகிறார்கள். பாதி வழியோரம் கிடக்கிறது. கொடை கெட்டுவிட்டது என்று இதைக் குறைசொல்வது எளிது, ஆனால் தவறு. கொடை பெருகியிருக்கிறது, கெட்டது வரிசை. வரிசை கெட்டதற்கு ஒரு காரணம் எவரும் நினைக்காத இடத்தில் இருக்கிறது. திருகோணமலைக்கும் வெருகலுக்கும் இடையே முன்பு நடப்பவரை நிறுத்திய காவலர்கள் கடற்கழிகளும் மகாவலியின் கிளைகளும்தான். கிண்ணியாவில் ஒரு துறை, உப்பாற்றில் ஒன்று, கங்கையில் ஒன்று, இறால்குழியில் ஒன்று. ஒவ்வொன்றிலும் மிதவைப் படகுக்குக் காத்திருக்க வேண்டும். காத்திருப்பு என்றால் நிழல், நிழல் என்றால் தண்ணீர், தண்ணீருக்குப் பின் கஞ்சி. வியர்வை அடங்கி வயிறு விழிக்கத் தேவையான நேரத்தை எந்த மருத்துவரும் விதிக்கவில்லை, ஆறு விதித்தது. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் திறந்தது, மற்றப் பாலங்களும் தொடர்ந்தன. கிண்ணியா, மூதூர் மக்களுக்கு அது பெரும் விடிவு. பிரசவ வலியோடு படகுக்குக் காத்திருந்த காலத்தை எவரும் திரும்பக் கேட்கமாட்டார்கள். நடப்பவர்களோ இப்போது கழியைச் சில நிமிடத்தில் கடந்துவிட்டு, நிற்க இடமின்றி உச்சி வெயிலில் தார்வீதியில் நடந்துகொண்டேயிருக்கிறார்கள். கையில் பார்சல் மட்டும் வந்து விழுகிறது. அன்னதானக் குழுக்கள் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பழைய துறைகள் இருந்த இடங்களில், பாலத்தின் இரு முனையிலும், பத்து மணிக்கு ஒரு கிடாரம் கொதித்தாறிய நீரில் கரைத்த ஊறுகாய்த் தண்ணீரும், பந்தலுக்குக் கிடுகும், உட்காரப் பாயும் வைத்து, சோற்றைப் பன்னிரண்டரைக்குத் தள்ளிப்போட்டால் போதும்.